'ஆனால்' இல்லாத மன்னிப்பு

அன்பு மகளே,

உடம்புக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, மனசுதான் இருப்புக்கொள்ளவில்லை. நீயும் மாப்பிள்ளையும் வாண்டும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன். போனில் பேசினால் உன் அப்பா காதில் விழும், அதனால்தான் கடிதம்.

நம் வீட்டுச் சந்துச் சுவர் வழக்கு இருபத்து மூன்றாவது தடவையும் தள்ளிப்போனது உனக்குத் தெரியும். அன்றைக்கு அப்பா சும்மா வராமல், இங்க வாய்தா மட்டும்தான் கிடைக்கும், தீர்ப்பு ஸ்டாக் இல்லை என்று கோர்ட்டிலேயே சத்தமாகச் சொல்லிவிட்டார். நாலு பேர் சிரித்தார்கள், நீதிபதி சிரிக்கவில்லை. நீதிமன்ற அவமதிப்பு என்று நோட்டீஸ் வந்துவிட்டது. ஆறு மாதம் வரை உள்ளே வைக்க அவருக்கு அதிகாரம் உண்டாம், நிபந்தனையில்லாத மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவாராம். பிரஷர் மாத்திரையை நான் எடுத்துக் கொடுத்தால்தான் போடுகிற மனுஷன், ஜெயிலில் என்ன செய்வார்.

அப்பாவும் எழுதினார், ஏழு தடவை. ஒவ்வொன்றிலும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன், ஆனால் என்று ஆரம்பித்து அரைப் பக்கம் போகிறது. அந்த 'ஆனால்' இருந்தா இது மன்னிப்பு இல்ல சார், இன்னொரு அவமதிப்பு என்று வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். புகார் சொல்றதும் நீதிபதியே, சாட்சியும் அவரே, தண்டனை கொடுக்கிறதும் அவரே, நான் ஒரு 'ஆனால்' கூட சொல்லக்கூடாதா என்று இவர் கேட்கிறார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை, நியாயத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ஆளாயிற்றே.

அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், திட்டாதே. சுத்தப் பிரதி டைப் அடிப்பது நான்தானே, அந்த 'ஆனால்' முதல் கடைசி வரை விட்டுவிட்டு அடித்து நீட்டினேன். முப்பத்தைந்து வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவர், மளிகைச் சீட்டையே இரண்டு தடவை படிப்பவர், நீ அடிச்சதுதானே என்று படிக்காமலே கையெழுத்துப் போட்டார். அப்போதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இப்போது வக்கீல் சொல்கிறார், இருபதாம் தேதி கோர்ட்டில் அதை அவரே நின்று வாசிக்க வேண்டுமாம்.

அத்தனை பேர் முன்னால் அவர் வரியைத் தேடித் தடுமாறி நிற்கக்கூடாது. நாளைக் காலையில் நானே சொல்லிவிடப் போகிறேன், இது உன் கைக்கு வரும்போது சொல்லியிருப்பேன். பேப்பரைக் கிழித்தால் ஜெயில். கிழிக்காமல் வாசித்தாரென்றால் அது எனக்காகத்தான். இரண்டில் எதை நான் தாங்குவேனோ தெரியவில்லை.

நீங்கள் மூவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் அப்பாவிடம் பேசு, மன்னிப்புக் கேளுங்கப்பா என்று மட்டும் சொல்லிவிடாதே.

இப்படிக்கு,
உன் அம்மா