நப்லா டீச்சர் ஏன் போனாங்க

பன்வில,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கஜலட்சுமிக்கு அம்மா எழுதுறது. நானும் உன் மக சுகிர்தாவும் உடம்புக்குக் குறையில்லாம இருக்கோம், அந்தக் குவைத் வெயிலில நீயும் நல்லா இருக்க முருகன் துணை. மனசுக்குத்தான் சுகமில்ல. போனில சொன்னா புள்ள காதுல விழும்னு, லீவு முடிஞ்சு அங்க திரும்புற பக்கத்து லயத்து வீட்டுப் புஷ்பம் கையில இதைக் குடுத்து விடுறேன்.

புள்ள இப்ப செவ்வாயும் வியாழனும் பள்ளிக்கூடம் போறதில்ல, அந்த ரெண்டு நாளும் கணக்குப் பாடம். விடியும்போதே வயிறு வலிக்குதுங்கிறா, கொத்தமல்லி அவிச்சுக் குடுத்தேன், டிஸ்பென்சரிக்கும் கூட்டிப் போனேன், வயித்தில ஒன்னுமில்லைன்னுட்டாங்க. புதுசா வந்த சார், விடை பிழைச்சா பாடம் முடியும் வரைக்கும் நிக்க வைக்கிறாராம், உனக்கெல்லாம் கணக்கெதுக்கு, தேயிலைக் கொழுந்தை எண்ணியா பறிக்கப் போறன்னு கேட்டு எல்லாரையும் சிரிக்க வச்சாராம். அந்தாளை நான் மறக்க மாட்டேன். ஏழாம் வாய்ப்பாடு தெரியலைன்னு என்னை முட்டி போட வச்ச வாத்தியாரோட சட்டைப் பொத்தான் நிறம்கூட எனக்கு ஞாபகம், அறுபது வருசமா அவரையே மன்னிக்கல.

ஆனா கஜா, இதில பெரிய குத்தம் என்னோடது. முன்ன திகனயிலிருந்து வந்து கணக்குப் படிப்பிச்ச நப்லா டீச்சர் இருந்தப்ப புள்ள பாடிக்கிட்டே கணக்குச் செய்வா, பிழைச்சாலும், இருங்க அம்மாயி, எங்க வழுக்கினேன்னு பாக்கிறேன்னு சிரிப்பா. ஒருநாள் அவ கணக்குக் கொப்பியைப் புரட்டினேன், பக்கம் பக்கமா வெட்டியும் திருத்தியும் கிடக்கு, சிவப்பு மையில ஒரு சரி கிடையாது. சரி போட்டிருந்தாத்தான் படிப்புன்னு நெனச்சவ நான், பிழையைப் புள்ளைங்களே தேடட்டும்னு டீச்சர் விட்டது எனக்கு எங்க விளங்கும்? இந்தம்மா படிப்பிக்கல, புள்ளைங்களோட சிரிச்சுக்கிட்டு இருக்குன்னு தோட்டத் தலைவர் ரமேஸ்கிட்ட போய் நான்தான் சொன்னேன். டீச்சரை மாத்தச் சொல்லி அவர் பெட்டிசம் எழுதினார், முதல் கையெழுத்து என்னோடது. ரெண்டு மாசத்தில டீச்சரை மாத்திட்டாங்க.

போன கிழமை புள்ளைகிட்ட கேட்டேன், நப்லா டீச்சர் இருந்தா போவியான்னு. தலையைக் குனிஞ்சுக்கிட்டே சொல்றா, நான் மக்கு அம்மாயி, எத்தனை தரம் சொல்லியும் பிழைச்சேன், அதான் வெறுத்துப் போயிட்டாங்கன்னு. ஒரு வருசமா இதைச் சுமந்துக்கிட்டு இருந்திருக்கு. சோத்தைப் போட்டுக் குடுத்துட்டு வெளிய வந்துட்டேன்.

வெள்ளிக்கிழமை திகனக்குப் போய் டீச்சர் வீட்டைத் தேடிப் பிடிச்சேன். முதல் கையெழுத்து யாரோடதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு, ஆனாலும் கதிரை போட்டு உக்கார வச்சாங்க. சுகிர்தா எப்படின்னு கேட்டாங்க, சொன்னேன். பிறகு, சனிக்கிழமையில அனுப்புங்க, நான் சொல்லிக் குடுக்கிறேன், ஆனா நான் ஏன் போனேன்னு உங்க வாயால அவகிட்ட சொல்லிட்டு அனுப்புங்கன்னாங்க.

இந்தக் கடுதாசியை மடிச்சு வச்சதும் புள்ளையைக் கூப்பிட்டுச் சொல்லப் போறேன். நீ வேளைக்குச் சாப்பிடு, தூக்கத்தை விடாத, மாரியம்மா உன்னைக் கண்ணுக்குள்ள வச்சுக் காக்கட்டும். இனி நீ அங்கயிருந்து போன் எடுக்கும்போது புள்ள என் கையில போனைத் தராட்டி, அவளை ஏசாத.

உன்னைப் பெத்தவ,
பேச்சியம்மா