டயர் கடை மாடி டாக்டரம்மா

என் செல்ல மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அவருடைய முழங்காலைத் தவிர. பூனைகளும் சுகம், ஒன்றைத் தவிர. அங்கே நீயும் மருமகளும் என் சிட்டுக்குட்டியும் சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் நான் கேட்டால் நீ நல்லா இருக்கோம்மா என்பாய், நீ கேட்டால் நான் நல்லா இருக்கோம்டா என்பேன், இப்படியே எத்தனை காலம் ஓட்டுவது. அதனால்தான் போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன். எழுதி முடித்ததும் உன் அப்பா இதைப் படம் பிடித்து உனக்கு அனுப்புவார், தாளும் பின்னாலேயே தபாலில் வரும். பாதி படித்துவிட்டு மீதியை அப்புறம் பார்க்கலாம் என்று வைத்துவிடாதே, அம்மாவின் பூனைக் கதைதானே என்று தள்ளாதே, கடைசி வரைக்கும் படி.

போன மாதம் மருமகள் என்னிடம் சொன்னாள் அல்லவா, சிட்டுவுக்கு ரெண்டு வயசு ஆகப்போகுது அத்தை, இன்னும் அம்மான்னு கூட சொல்லல, பின்னாலேருந்து கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்குறா, காது டாக்டர்கிட்ட நாள் வாங்கியிருக்கேன் என்று. அதற்கு நான் என்ன சொன்னேன், என் மகனும் லேட்டாத்தான் பேசினான், இப்ப வாயை மூட மாட்டேங்குறான் என்றேன். அதோடு விட்டேனா, போன் திரையில் சிட்டுவைப் பார்த்துப் படபடவென்று கை தட்டினேன், அவளும் அரிசிப் பல் தெரியச் சிரித்துக்கொண்டு திருப்பிக் கை தட்டினாள். பாத்தியா, காது கேக்காத பிள்ளையா இப்படித் தட்டும் என்று மருமகளை ஒரு கேலி வேறு செய்தேன். நீயும் என்னோடு சேர்ந்து சிரித்தாய். அவள் எழுந்து உள்ளே போனாள். டாக்டரிடம் வாங்கிய நாளை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அடுத்த வாரம் நீ சொன்னாய், நானும் நல்ல காரியம் பண்ணினே என்றேன். அந்தக் கைதட்டலைப் பற்றித்தான் எழுத வந்திருக்கிறேன், ஆனால் அதற்குப் பூனை வழியாகத்தான் வர முடியும், கொஞ்சம் பொறு.

நம் பழைய மிருக டாக்டர் கிளினிக்கை மூடிக்கொண்டு மகள் வீட்டோடு போய்விட்டார், அன்றிலிருந்து எனக்குக் கை ஒடிந்த மாதிரிதான். அந்த நேரம் பார்த்து நம் வெள்ளைச் சீமாட்டி நாலு குட்டி போட்டாள். அப்பன் சலவைக் கடைக்காரர் வீட்டு நீலக்கண் கடுவன், அவனும் தும்பைப்பூ மாதிரி வெள்ளை. மூன்று குட்டிகள் திட்டுத்திட்டாகச் சாம்பல், ஒன்று மட்டும் அப்பனை உரித்து வைத்த வெள்ளை, அதே நீலக் கண், அதற்குப் பஞ்சு என்று பேர் வைத்தோம். குக்கர் விசில் அடித்தால் மற்றது மூன்றும் சோபாவுக்கு அடியில் போய்விடும், பஞ்சு மட்டும் கூடத்து நடுவில் உட்கார்ந்து காலை நக்கிக்கொண்டிருக்கும். இது பூனை இல்லடி, சிங்கம் என்று உன் அப்பாவுக்கு ஒரே பெருமை. பல் டாக்டரின் மனைவி வந்து பார்த்த மாத்திரத்தில் இதைத்தான் எனக்குக் கொடுக்கணும் என்று சொல்லிவைத்துவிட்டுப் போனாள். உனக்குத் தெரியும், ஊசி போட்டு, டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் ஒழிய நான் எந்தக் குட்டியையும் வாசல் தாண்ட விடமாட்டேன். ஆகவே புது டாக்டரைத் தேடிக் கூடையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன்.

பஸ் ஸ்டாண்டு டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தே காலம் தள்ளியவள் நான், எனக்கு ஆட்களை முகம் பார்த்துத் தெரியாது, கை பார்த்துத்தான் தெரியும். அந்தப் பொந்து வழியாக நீளும் கையைப் பார்த்தே இவன் சில்லறை தருவானா சண்டைக்கு வருவானா என்று சொல்லிவிடுவேன். முதலில் போனது கடைத்தெருவில் புதிதாகத் திறந்திருக்கும் கண்ணாடிக் கதவு இடம். உள்ளே போனால் குளிரில் பல் தந்தி அடிக்கிறது, சுவர் முழுக்கத் தீனி மூட்டை. அந்த டாக்டரின் கை கம்ப்யூட்டரைத் தொட்டது, போனைத் தொட்டது, கூடையை மட்டும் தொடவே இல்லை. மூடியைக் கூடத் திறக்காமல் எல்லாம் சூப்பரா இருக்கும்மா, அடுத்த வாரம் ஊசிக்கு வாங்க என்று சொல்லி, குட்டிகளைக் குளிப்பாட்ட மூன்று விதமான ஷாம்பூவை எடுத்து வைத்தார். என் வீட்டில் எனக்கும் உன் அப்பாவுக்கும் சேர்த்தே ஒரு சோப்புதான், பூனைக்கு மூன்றா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். அடுத்தவர் பரவாயில்லை, பூனையைப் பிடிக்கத் தெரிந்த கைதான். பஞ்சுவைத் தூக்கி வெளிச்சத்தில் கண்ணைப் பார்த்தார், முதல் தரம்மா, வாய்க்கு வந்த விலை சொல்லுங்க, குடுப்பாங்க என்றார். சரி, ஆள் கிடைத்துவிட்டார் என்று நினைக்கும்போதே சீமாட்டியைப் பார்த்து, இது மறுபடி எப்பம்மா பருவத்துக்கு வரும், குட்டிங்க பால் மறக்கட்டும், உடனே சேத்துடலாம், எங்கிட்ட வாங்குற ஆளு ரெடியா இருக்கு என்றாரே பார்க்கணும். பால் கொடுத்துக் கொடுத்து விலா எலும்பு தெரியும்படி கிடக்கிறாள் அவள், அவளைப் பார்த்துச் சொல்கிற பேச்சா இது. சீமாட்டியை வாரிக் கூடைக்குள் வைத்தேன். கூடையை மூடும்போது பக்கத்துப் பெஞ்சில் ஒரு பெண், நாய்களுக்கு முடி வெட்டுகிறவளாம், என் காதோடு சொன்னாள், டயர் கடை மாடில ஒரு டாக்டரம்மா இருக்காங்க, கொஞ்சம் திட்டுவாங்க, ஆனா ஏமாத்த மாட்டாங்க என்று.

திட்டுகிறவள் என்றதும் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. மறுநாள் காலையே போனோம். படி செங்குத்தாக இருந்ததால் உன் அப்பா கீழேயே ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்துகொண்டார், நான் கூடையோடு ஏறினேன். ஒரே அறை, ஒரு மேஜை, ரப்பர் வாடையும் பினாயில் வாடையும். அந்த அம்மா கையைத் தேய்த்துக் கழுவினாள், கூடையைத் தரையில் வைக்கச் சொன்னாள், மூடியைத் திறந்துவிட்டுத் தானும் தரையில் உட்கார்ந்தாள். எதையும் பிடித்து இழுக்கவில்லை. சீமாட்டி தானாக வெளியே வந்து அவள் விரலை மோந்து பார்க்கும் வரைக்கும் என்னைத்தான் குடைந்தாள், இது எத்தனாவது ஈத்து, போன ஈத்து எப்ப, கடுவன் யாரு, அதுக்கு என்ன கண்ணு என்று. வருஷத்துக்கு ரெண்டு தடவையா, நீங்க பெத்தவங்கதானே, இதுக்கும் உடம்புதானேம்மா என்று ஒரு போடு போட்டாள். நான் ஒண்ணுதான் பெத்தேன், அதுவே போதும் போதும்னு ஆயிடுச்சு என்றேன், சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. ஒவ்வொரு குட்டியாக வாய், வயிறு, வால் என்று தடவிப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் போலிருந்தது, அவ்வளவு நிதானம். பஞ்சுவின் முறை வந்ததும் அதை ஜன்னலைப் பார்க்க உட்கார வைத்துவிட்டு, சத்தமில்லாமல் அதன் பின்னால் போய் நின்று பளீரென்று ஒரு கை தட்டினாள். மற்றது மூன்றும் திசைக்கொன்றாகப் பறந்தன. பஞ்சு ஜன்னலில் ஓடிய எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஸ்டீல் தட்டை எடுத்துக் கரண்டியால் அடித்தாள். எறும்பு கூடப் போய்விட்டது, பஞ்சு அசையவில்லை.

அது ரொம்ப தைரியசாலி டாக்டர் என்றேன் நான். தைரியம் இல்லம்மா, அதுக்குக் காது கேக்கல, வெள்ளை முடி நீலக் கண்ணு குட்டிங்களுக்கு இப்படி வர்றது உண்டு, இந்த ஜோடியை இனிமே சேக்காதீங்க என்றாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. எனக்கே காது குத்துறீங்களா, ரெண்டு டாக்டர் நல்லா இருக்குன்னு சொல்லியாச்சு, இங்க பாருங்க என்று பஞ்சுவுக்கு எதிரே குனிந்து படபடவென்று கை தட்டினேன். அது தலையைத் தூக்கி, குதித்து வந்து என் விரலைப் பிடித்து விளையாடத் தொடங்கியது. ஜெயித்துவிட்ட மாதிரி டாக்டரம்மாவை நிமிர்ந்து பார்த்தேன். அவள் கோபப்படவில்லை, குரலைத் தாழ்த்தி, முன்னால நின்னு தட்டினா கண்ணு பாக்கும்மா, காது கேக்குதான்னு தெரியணும்னா பின்னால நின்னுதான் தட்டணும் என்றாள். தட்டிய கை எனக்கு அப்படியே நின்றுவிட்டது. அதற்கு அப்புறம் அவள் சொன்ன மருந்து மாத்திரை எதுவும் என் மண்டையில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பாவிடம் ஒன்றும் சொல்லாமல் சமையலறையிலிருந்து இரண்டு பெரிய மூடிகளை எடுத்து வந்தேன். பஞ்சு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தது. முதுகுப் பக்கமாக நின்று டமால் என்று மோதினேன். சீமாட்டி அலமாரி மேல் ஏறிவிட்டாள், உன் அப்பா வீடு இடிஞ்சிடுச்சா என்று கத்திக்கொண்டு ஓடி வந்தார், பஞ்சுவின் மீசை கூட அசையவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடுமா என்பார்கள், இங்கே பூனை என்ன செய்தது பாவம், கண்ணை மூடிக்கொண்டிருந்தது நான்தானே. அவர் முதலில் சிரித்தார், அப்புறம் என் முகத்தைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக, சிட்டுவும் காலிங் பெல் அடிச்சா எழுந்திருக்க மாட்டாள்ல என்றார். நாம் எல்லோரும் சேர்ந்து அதைக் கொண்டாடினோம் ஞாபகம் இருக்கிறதா, எவ்வளவு சமத்துப் பிள்ளை, இடி விழுந்தாலும் தூங்குது என்று. என்னால் அழுகையை அடக்க முடியவில்லைடா. அவ்வளவு தூரத்தில் என் பேத்தி, போன் திரையில் என் கையைப் பார்த்துத்தான் சிரித்தாளோ என்னவோ, அதை வைத்து நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

பிள்ளையையும் பூனையையும் ஒரே தட்டில் வைக்கிறாளே என்று கோபித்துக்கொள்ளாதே. சிட்டுவுக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கலாம், உன்னை மாதிரியே தாமதமாகப் பேசுகிறவளாகவும் இருக்கலாம், அப்படியே இருக்கட்டும், நான் வேண்டாத நாள் இல்லை. ஆனால் அதைச் சொல்ல வேண்டியவள் நான் இல்லை, நீயும் இல்லை, காது பார்க்கிற டாக்டர்தான். இதில் எனக்கு ஒன்று புரிந்துபோயிற்று, நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொன்ன இரண்டு பேரில் ஒருத்தர் குட்டியைப் பார்க்கவே இல்லை, இன்னொருத்தர் விலையைத்தான் பார்த்தார், கூடவே உட்கார்ந்து பார்த்தவள்தான் நல்லா இல்லை என்று சொன்னாள். உன் வீட்டில் நாள் பூராவும் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கிறவள் யார். பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தவள் யார். அவள் சொன்னபோது நாம் இரண்டு பேரும் சிரித்தோம். மாமியார் மருமகள் பக்கம் பேசுவது நம் குடும்பத்தில் இதுதான் முதல் தடவை, எனவே இந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள். அம்மா இப்படிச் சொன்னாங்க அப்படிச் சொன்னாங்க என்று உன் வாயால் அவளுக்குச் சொல்ல வேண்டாம், நீ பாதியை முழுங்கிவிடுவாய், தாளையே அவள் கையில் கொடு. அம்மா மருமகளே, நீ சொன்னதுதான் சரி, உன்னைக் கேலி செய்தது என் தப்பு, வேண்டாம் என்று சொன்ன நாளை மறுபடியும் உடனே வாங்கு.

பஞ்சுவின் கதையையும் முடித்துவிடுகிறேன். பல் டாக்டரின் மனைவியிடம் உள்ளதைச் சொன்னேன், அவள் சாம்பல் குட்டி ஒன்றை எடுத்துக்கொண்டாள். பஞ்சு எங்களோடுதான் இருக்கிறது. சீமாட்டிக்கும் இனிமேல் பிரசவம் இல்லை, பால் மறந்ததும் ஆபரேஷனுக்கு வரச் சொல்லியிருக்கிறாள் டாக்டரம்மா. காது கேட்காததை எப்படி வளர்ப்பது என்று, ஊசி போட மறுபடி போனபோது அவளே சொல்லிக் கொடுத்தாள், பின்னால் போய்த் திடீரென்று தொடக்கூடாதாம், அது பயந்துவிடும், முன்னால் போய்க் கண்ணில் பட்ட பிறகுதான் தூக்க வேண்டுமாம், தூரத்திலிருந்து கூப்பிடுவதென்றால் தரையில் காலால் தட்ட வேண்டுமாம், அந்த அதிர்வு அதன் பாதத்தில் தெரியுமாம். உன் அப்பா முழங்கால் வலியோடு டங்கு டங்கென்று தட்டுகிறார், அது எந்த மூலையிலிருந்தாலும் வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வருகிறது. திருட்டுத்தனத்திலும் சேட்டையிலும் மற்ற மூன்றையும் சேர்த்துத் தோற்கடிக்கும். தெரிந்த பிறகு ஒரு குறையும் இல்லைடா, தெரியாமல் இருந்தவரைக்கும்தான் குறை.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, மருமகளிடம் முகம் சுளிக்காதே. மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் சிரித்துக்கொண்டு வாழ வேண்டும், அம்மாவின் ஆசீர்வாதம் எப்போதும் உண்டு. நல்லா இருக்கோம்மா என்று மட்டும் பதில் போடாதே, டாக்டர் என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுது, எதுவானாலும் தாங்கிக்கொள்வேன். டாக்டரைப் பார்க்கும் நாள் வருவதற்குள் உனக்கே மனசு கேட்காமல் இன்றைக்கே சிட்டுவின் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்ப்பாய், எனக்குத் தெரியும். திரும்பினால் கிழவி பயமுறுத்திவிட்டாள் என்று சிரித்துக்கொள். திரும்பாவிட்டால் நின்ற இடத்திலேயே நின்று அழாதே, பின்னாலிருந்து தொடவும் செய்யாதே. சுற்றி முன்னால் போ, அவள் கண்ணுக்கு எதிரே மண்டி போட்டு உட்கார், அவள் உன்னைப் பார்த்துச் சிரிக்கட்டும், அப்புறம் தூக்கிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா