பொன்னையனின் பசுவும் என் கையெழுத்தும்

கொல்லம் 1108, மகரம் (தை) 9
குன்னத்துகால் ஊர்ச் சபைக்குப் புதிய தலைவர் வந்தாயிற்று. தாணுலிங்கம் பிள்ளை, போலீசில் ஹெட் கான்ஸ்டபிளாக இருந்து பென்ஷன் வாங்கியவர். தேர்தல் நடக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்; எழுந்திருங்கள் என்று சொல்ல ஆளில்லை. விசில் ஒருமுறை ஊதினால் நாங்கள் உட்கார வேண்டும், இருமுறை ஊதினால் எழ வேண்டும்.
"வேய் கைலாசம், நீரு பொக்கிஷக் கணக்கைப் பாரும். மத்த காரியமெல்லாம் நான் பாத்துக்கிடுவேன்" என்றார்.
முப்பது வருஷம் சர்க்கார் கச்சேரியில் குமாஸ்தாவாக எழுதியவன் நான். மேலே ஆட்கள் மாறுவார்கள், பொக்கிஷம் ஒழுங்காக இருக்க வேண்டும். சம்மதித்தேன்.

கும்பம் 3
வீதியில் யாரோ விசில் அடித்தான், இருமுறை. எழுந்து நின்றுவிட்டேன். என் மனைவி பகவதி பார்த்தாள்.

கும்பம் 17
காப்பிக்கடை பொன்னையன் கூட்டத்தில் சிரித்துவிட்டான். அபராதம். கட்ட மாட்டேன் என்றான். உத்தரவை நான்தான் எழுதினேன்: அவன் பசு ஜப்தி, அவன் மகள் குமாரிக்குச் சபைப் பாடசாலையில் இடமில்லை. எழுத்து மிக அழகாக வந்தது. தலைவரிடம் நீட்டினேன்.
"நீரே கையெழுத்துப் போடும். ஒம்ம எழுத்தாக்கும் நல்ல எழுத்து."
போட்டேன். ராஜினாமா செய்யலாமா?

கும்பம் 18
பசு சபைச் சொத்தாம். பொக்கிஷதார் என்பதால் என் தொழுவத்தில் கட்டிவிட்டார்கள். பகவதி புல் போடுகிறாள், கறக்கிறாள், பாலைச் செம்போடு பொன்னையன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள். எனக்குக் கட்டன்காப்பி.
"அது சபைச் சொத்து" என்றேன்.
"அப்போ சபையிலே போயி காப்பி குடியுங்க" என்றாள்.

மீனம் 6
ராஜினாமா எழுதினேன். இரண்டாம் வரியில் மை கொட்டிவிட்டது. தவிர, நான் விலகினால் ஒரு முரடன் வருவான். நான் இருப்பதால்தான் இவ்வளவாவது முறையாக நடக்கிறது. முறையாகத்தானே ஜப்தி செய்தோம்? பிறகு ஏன் காப்பிக்கடை வழியே போகாமல் வயலைச் சுற்றிப் போகிறேன்?

மேடம் (சித்திரை) 11
யாரோ மனுக் கொடுத்து, தாசில்தார் விசாரிக்க வருகிறாராம். தலைவர் நாகர்கோவிலில் மகள் வீட்டுக்கு அவசரமாகப் போய்விட்டார். 'இனி நீரே தலைவர்' என்று ஒரு சீட்டு. கூடவே விசில்.

மேடம் 12
தலைவர் நாற்காலி உயரம் அதிகம். எனக்குக் கால் தரையில் எட்டவில்லை.

மேடம் 13
தாசில்தார் உத்தரவுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். "எல்லாம் உங்கள் கையெழுத்துதானே?"
"நான் எழுத மட்டுமே செய்தேன்."
"தெரிகிறது" என்றார். பசுவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், குமாரியைப் பாடசாலையில் சேர்க்க வேண்டும், சபையில் எனக்கு இனி எந்தப் பொறுப்பும் கிடையாது. அதையும் என்னையே எழுதச் சொன்னார்.
மனுவை வாசிக்கத் தந்தார். அடியில் பொன்னையனின் கைநாட்டு. எழுத்து — பகவதியுடையது.
வீட்டுக்கு வந்து கேட்டேன். அடுப்பைவிட்டு முகம் திருப்பவில்லை.
"நானாக்கும் எழுதினேன். ஒங்களுக்குக் கை ஒழியல்லியே."

மேடம் 14
சந்தை வழியாக நானே பசுவைப் பிடித்துக்கொண்டு போனேன். உண்மையில் பசுதான் என்னைக் கொண்டுபோயிற்று. மன்னிப்புக்கு நான்கு வாக்கியம் யோசித்து வைத்திருந்தேன். "மேலிடத்து உத்தரவு..." என்று ஆரம்பித்தேன்.
பொன்னையன் கயிற்றை வாங்கிக்கொண்டான். "பிள்ளைக்கு ரெண்டு மாசத்துப் பாடம் போச்சு ஐயா."
மீதி மூன்றையும் சொல்லவில்லை.

இடவம் 2
பாடசாலைக் காரியம் பார்க்கச் சபை ஐந்து பேரைச் சேர்த்திருக்கிறது. பகவதியும் ஒருத்தி. நல்ல மழை. குடை பிடித்து அவளைச் சபைக்குக் கொண்டுபோய் விட்டேன். படியில் திரும்பி, "நீங்க உள்ளே வரண்டாம். முடிய நேரமாவும்" என்றாள்.
புளியமரத்தடியில் நின்றேன். குமாரி விட்ட பாடத்தைக் கணக்கில் எடுக்காமல் அவளை அடுத்த வகுப்புக்கு ஏற்றுவதென்று பகவதி தீர்மானம் வாசிப்பது கேட்டது. ஜன்னல் வழியே தூக்கிய கைகள் மட்டும் தெரிந்தன. நானும் தூக்கினேன். குடை சாய்ந்து முழுக்க நனைந்துவிட்டேன்.