நீ எனக்காக வைத்த நேர்த்தி

பஸ்ஸில் பக்கத்தில் இருந்த பெண்ணின் விரல்களில் மெழுகு மணத்தது. அப்போதுதான் இன்று செவ்வாய்க்கிழமை, அந்தோனியாரின் நாள் என்று ஞாபகம் வந்தது. கொட்டாஞ்சேனைக் கோயிலில் அவருக்கு மெழுகுதிரி கொளுத்திவிட்டு வெள்ளவத்தைக்குத் திரும்புகிறாள். நெற்றியில் திருநீறும் இருந்தது. ஏன் போனாய் என்று கேட்க எனக்கு வாய் துடித்தது. உன்னை நினைத்துக்கொண்டேன்.

நாட்டில் சண்டை நடந்த காலம் அது. நீ இறையியல் படித்தாய். நான் பல்கலைக்கழகத்தில் சமயங்களை ஆராய்ந்தேன். உன் வீடு கொட்டாஞ்சேனை, என் அறை வெள்ளவத்தை. பாதி வாக்குவாதம் பஸ்ஸிலேயே நடக்கும். சைவர்கள் ஏன் அந்தோனியாரிடம் வருகிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. "கரையில நிண்டுகொண்டு ஆழம் கேக்கிறாய்," என்று கேலி செய்வாய். "முழுகினவளிட்டைக் கேட்டால் மூச்சுத்தானே முட்டும்?" என்பேன். நம்பாதவளால்தான் நேர்மையாகப் பார்க்க முடியும் என்று அந்த வயதில் எனக்கு ஒரு திமிர்.

ஆய்வுக் கேள்வித்தாள்களைப் பையில் வைத்துக்கொண்டு உன்னோடு கோயிலில் நின்ற அன்றுதான் இராணுவம் சுற்றிவளைத்தது. என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டு ஆமிக்காரன் சிங்களத்தில் கேட்டான்: இந்துவான உனக்கு இங்கே என்ன வேலை? என் தாளின் முதற்கேள்வியும் ஏறத்தாழ அதுவே. ஆராய்ச்சி என்று சொன்னால் வண்டியில் ஏற்றிவிடுவார்கள்.

நீ முந்திக்கொண்டாய். அவனை 'மல்லி' என்று தம்பி முறை கொண்டாடி, சிங்களத்தில் சொன்னாய்: இவளுடைய அம்மாவுக்குச் சுகமில்லை, நேர்த்திக்கடன் வைக்க வந்திருக்கிறாள். அம்மா ஊரில் படுக்கையாகக் கிடந்தது உண்மை. சண்டையால் ஊர்ப்பாதை மூடியதால் நான் போக வழியில்லாமல் இருந்ததும் உண்மை. நேர்த்தி மட்டும் உன் கற்பனை.

அவன் அட்டையைத் தராமல் மெழுகுதிரிகள் எரிந்த இடத்தைக் காட்டினான். அவன் பார்த்துக்கொண்டு நிற்க, நான் ஒரு திரியைக் கொளுத்திக் கை கூப்பினேன். அதன் பிறகுதான் அட்டை கைக்கு வந்தது. எனக்குப் பின்னால் நின்ற பெண்ணை ஏற்றிக்கொண்டு போனார்கள்.

அம்மா எழும்பி நடமாடுகிறா என்று சில மாதங்களின் பின் ஊரிலிருந்து வந்தவர்கள் சொன்னார்கள். அன்றிலிருந்து நீ என்னை விடவில்லை.

"வச்ச நேர்த்திய முடிக்க வேணும், வா."

"நான் எங்கை வைச்சனான்? நீயெல்லோ வைச்சனி!"

"நான் வாயத்தான் தந்தன். கை கூப்பினது ஆர்?"

ஒருத்திக்காக இன்னொருத்தி வைத்த நேர்த்தி கட்டுப்படுத்துமா என்பது நல்ல ஆய்வுப் பொருள் என்றேன். நீ சிரிக்கவில்லை. நீ கண்மூடுமுன் ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும், "போனியா?" என்றுதான் கேட்டாய். இல்லை என்று தலையாட்டினேன்.

நேர்த்திகளைப் பற்றி எவ்வளவோ எழுதிவிட்டேன். இதை எழுத வரவில்லை. நம்பாமல் போய்க் கும்பிட்டால் அது நடிப்பு. போகாமல் இருப்பதும் உறுத்துகிறது. ஏனென்றால் ஆமிக்காரனுக்குப் பயந்து கூப்பிய அந்தக் கைகளுக்குள், அம்மாவைக் காப்பாற்று என்று நான் உண்மையாகவே கேட்டேன். சொன்னால் நீ வென்றுவிடுவாய் என்று உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன், வென்றுகொள். ஆனால் யாரிடம் கேட்டேன் என்று மட்டும் கேட்காதே. எனக்கு இன்றுவரை தெரியாது.