பதினோராம் எண்ணுக்குரியவர் காத்திருக்கவும்

அனுப்புநர்:
டோக்கன் அழைப்பாளர்,
புறநோயாளிகள் பிரிவு, அரசு மருத்துவமனை
(தற்போது: பழைய கட்டில்கள் வைக்கும் அறை, மேற்படி மருத்துவமனை).

பெறுநர்:
சுகாதார அலுவலர் அவர்கள்.

பொருள்: வானொலியில் வரிசை முறையைக் கடைப்பிடித்தமைக்காகப் பணியிடம் மாற்றப்பட்டது – மீண்டும் பழைய இடத்தில் அமர்த்தக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் ஊர்ச் சமுதாய வானொலியின் நிர்வாகக் குழு பலமுறை கூடி, பலமுறை தேநீரோடு கலைந்து, இறுதியில் வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எட்டியது. வியாழன் மாலை ‘அடையாளமும் சமூகநீதியும்’ உரையாடலில், தொகுப்பாளரின் நாற்காலியில் இனி பொதுமக்களில் ஒருவர் உட்காரலாம். எதிர்த்தவர் தொகுப்பாளர் மட்டுமே. முதுகுத் திண்டு அவர் வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்பதால், அதை எடுத்துப்போக அவருக்கு அனுமதி வழங்கப்பட்டது.

2. முதல் ஆளாக என்னைக் கூப்பிட்டார்கள். சமூகநீதி பற்றி எனக்கு ஏதும் தெரியும் என்று அவர்கள் எண்ணவில்லை. என் குரல் ஊருக்குப் பழக்கம் என்றார்கள். காய்ச்சல் வந்த எவரும் ஒரு நாளாவது என் வாயால் தம் எண்ணைக் கேட்டிருப்பார்கள்.

3. எனக்குத் தெரிந்த வேலையையே அங்கும் செய்தேன். தொலைபேசியில் வந்தவர்களுக்கு வந்த வரிசையில் எண் கொடுத்து அழைத்தேன். என்ன பதவி, எந்தத் தெரு, யார் வீட்டு மருமகன் என்று கேட்கவில்லை. மருத்துவமனையிலும் கேட்பதில்லை, கேட்டால் வேலை ஓடாது. முதலில் வந்த விடுதிச் சமையல்காரர், “இத்தனை வருஷமா எல்லாரும் என்னை ‘ஏய்’னுதான் கூப்பிடறாங்க. நீங்க ‘ஒண்ணு’ன்னு கூப்பிட்டீங்க. பரவாயில்லை, முன்னேற்றம்தான்” என்றார். அடுத்து, சக்கர நாற்காலியில் நடமாடும் தையல்காரர்: “ஆபீஸ் வாசல்ல எங்களுக்காகச் சாய்தளம் கட்டியிருக்காங்க. அருமையா இருக்கு. அதுலதான் மேனேஜர் பைக்கை நிறுத்துறாரு.”

4. மூன்றாமவர் அச்சகத்தில் வேலை செய்யும் திருநங்கை. “ஆம்பளைங்க வரிசைல நின்னா சிரிக்கிறாங்க. பொம்பளைங்க வரிசைல நின்னா தள்ளிப் போறாங்க. உங்ககிட்ட மட்டும்தான்க்கா நான் வெறும் நம்பர். அந்த நிம்மதிக்குத்தான் மாசாமாசம் மாத்திரை வாங்க வர்றேன்” என்றார். அவர் பேசிக்கொண்டிருந்தபோதுதான் சம்பவம் நடந்தது.

5. ஒலிபரப்பு அறைக்குக் கண்ணாடித் தடுப்பு உண்டு. அதற்கு அப்பால் இருந்த ஒலிப் பொறியாளர் திடீரென்று இரு கைகளையும் ஆட்டினார்; பிறகு கண்ணாடியைத் தட்டினார்; பிறகு கும்பிட்டார். என் கவுன்டரிலும் கண்ணாடி உண்டு. அதைத் தட்டுபவர்களும் கும்பிடுபவர்களும் டோக்கன் இல்லாமல் வந்தவர்கள் என்பது என் பணி அனுபவம். வழக்கம்போல், உட்காரும்படி சைகை காட்டினேன். உட்கார்ந்துவிட்டார். முக்கியமான ஒருவர் இணைப்பில் இருக்கிறார் என்பதை வானொலியில் அப்படித்தான் தெரிவிப்பார்களாம். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

6. சிறிது நேரத்தில் அந்த இணைப்பு உள்ளேயே வந்துவிட்டது. மூன்றாமவரின் பேச்சுக்குக் குறுக்கே ஓர் ஆண்குரல், “சமத்துவம் பத்தி நான் ரெண்டு வார்த்தை சொல்லணும். நான் யாருன்னு தெரியுமா?” என்றது. “அதுதாங்க இன்னைக்குத் தலைப்பே. உங்க நம்பர் பதினொண்ணு, முறை வரும்போது சொல்லுங்க” என்றேன். “பதினொண்ணா? எனக்கா?” என்றது குரல். வயதானவர், கர்ப்பிணி, கைக்குழந்தையோடு வந்தவர் என்றால் முன்னால் விடுவோம், இதில் தாங்கள் எது என்று விதிப்படி விசாரித்தேன். பிறகு காத்திருக்கும்படி சொல்லிவிட்டு, மூன்றாமவரைத் தொடரச் சொன்னேன். பத்தாம் எண் பேசி முடித்தபோது நிகழ்ச்சி நேரம் முடிந்துவிட்டது.

7. மறுநாள், நிர்வாக நலன் கருதி, நான் இந்த அறைக்கு மாற்றப்பட்டேன். ஆணையில் தங்கள் கையொப்பம் உள்ளது. அந்தக் குரலும் தங்களுடையதுதான் என்று ஊரில் சிலர் பேசுகிறார்கள். நான் நம்பவில்லை. ‘இங்கு அனைவரும் சமம்’ என்று திறப்பு விழாவில் தாங்கள் சொன்னது, தங்கள் படத்தோடு என் கவுன்டருக்கு மேலே மாட்டப்பட்டிருக்கிறது. அதன் கீழே உட்கார்ந்துதான் இத்தனை காலம் எண் அழைத்தேன். ஆகவே யாரோ ஒருவர் தங்கள் குரலில் பேசியிருக்கிறார் என்றே கருதுகிறேன்.

8. ஒருவேளை தாங்களே பேசியிருந்தால் கவலை வேண்டாம். பதினோராம் எண் ரத்தாகவில்லை. அடுத்த நிகழ்ச்சியில் முதலாவதாக அழைக்கப்படும்.

9. இந்த அறையில் இருப்பவை கால் உடைந்த கட்டில்கள். அவற்றை வரிசைப்படுத்திவிட்டேன். அழைப்பதற்கு யாரும் இல்லை. எனவே என்னை மீண்டும் கவுன்டரில் அமர்த்தும்படி பணிவுடன் வேண்டுகிறேன்.

10. என் இடத்துக்கு இதுவரை எவரும் நியமிக்கப்படவில்லை. டோக்கன் வழங்குவது நிறுத்தப்பட்டு, ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என இரண்டு வரிசைகள் போடப்பட்டுள்ளன. மூன்றாவதாகப் பேசியவர் திங்கட்கிழமை வந்தார். இரண்டு வரிசைகளையும் பார்த்துவிட்டு, மாத்திரை வாங்காமல் திரும்பிப் போனார்.

இடம்: பழைய கட்டில்கள் அறை
நாள்: புதன்கிழமை

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
‘டோக்கன் அக்கா’ என அழைக்கப்படும் டோக்கன் அழைப்பாளர்