பச்சைச் சோடியேரும் உங்கள் கையும்

மச்சாள்,

குசினி மூலையில் இப்போது நாலு கால் தடம் மட்டும்தான் மிச்சம். இன்று காலை இரண்டு பேர் வந்து உங்கள் பச்சைச் சோடியேரைக் கழற்றி, துண்டு துண்டாக நாலாம் மாடியிலிருந்து இறக்கிக்கொண்டு போனார்கள். வீட்டையே சூடாக்கும் கொதிகலன் என்று பெயர்தான் பெரிது. பார்த்தால் இடுப்புயரத்துக்கு ஓர் இரும்புப் பெட்டி. அவர்கள் போன பிறகு தரையைக் கூட்டினேன். பழைய புகைக்கரியின் மணம் இன்னும் அந்த மூலையை விட்டுப் போகவில்லை. அந்த மணத்துக்குள் நின்றபோது, வேறு யாருக்கும் சொல்ல முடியாத ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும் போல் இருந்தது.

நாங்கள் நகரத்துக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் இருந்த காலத்தில் ஞாயிற்றுக்கிழமை என்றால் உங்கள் வீட்டுத் தோசைதான். கார் து நோர் ஸ்டேசனில் ரெயிலால் இறங்கி, லா ஷப்பல் தமிழ்க் கடையில் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு படியேறினால், இரண்டாம் மாடியிலேயே தாளித மணம் வந்துவிடும். நீங்கள் மாச்சட்டியை மேசைக்குக் கொண்டுவந்து எங்கள் முன்னால் மூடியைத் திறப்பீர்கள். வெளியே பனி கொட்டினாலும் மா விளிம்பு வரை பொங்கி நிற்கும். என் வீட்டில் அதே உழுந்து, அதே வெந்தயம், அதே கடை. மா மட்டும் கரைத்தபடியே கிடக்கும்.

எனக்குப் புருஷனாக வாய்த்த உங்கள் தம்பிக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அது அக்காவின் கை என்று சொல்லிவிட்டு அடுத்த தோசையைப் பிய்ப்பார். உங்களைக் கேட்டால், “உம்மடை கைக்கு அவசரம்” என்று சிரிப்பீர்கள். நான் அதோடு விடுகிற ஆளா? எதையும் கிண்டிப் பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. தண்ணீரைச் சூடாக்கிக் கரைத்தேன். ஊறவைக்கும் நேரத்தை மாற்றினேன். ஒருமுறை சட்டியைக் கம்பளியால் சுற்றிக் கட்டிலில் படுக்க வைத்தேன். அதைக் கேட்டுவிட்டு, “பிள்ளைக்குப் பாலும் குடுத்தனீரோ?” என்றீர்கள். மகள் மட்டும் ஒருநாள், கையும் இல்லை ஒன்றும் இல்லை, மாமியின் குசினிச் சூடுதான் காரணம் என்று பிரெஞ்சில் சொன்னாள். நீங்கள் அவசரமாக அவளுடைய தட்டில் இன்னொரு தோசையைப் போட்டுப் பேச்சை மாற்றினீர்கள். அப்போது நான் அதைக் கவனிக்கவில்லை.

குசினி அப்படி என்றால், உங்கள் படுக்கையறை ஐஸ் பெட்டி. வருடாவருடம் சோடியேரைப் பார்க்க வரும் தெக்னிசியன், இதை மாற்றுங்கள் மதாம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்துப்போனார். ஓடுது, விடு என்பதுதான் அவருக்கு நீங்கள் சொன்ன முழுப் பிரெஞ்சு. நானும் சண்டை பிடித்தேன். இரண்டு சுவெற்றர் போட்டுக்கொண்டு படுக்கிறீர்களே, இதென்ன பிடிவாதம் என்று கேட்டேன். குளிர் உமக்குத்தான், எனக்கில்லை என்று என் வாயை அடைத்துவிட்டீர்கள்.

நீங்கள் கண்ணை மூடிய பிறகு நாங்கள் இந்த வீட்டுக்கே வந்துவிட்டோம். அதற்குப் பிறகு உங்கள் தம்பி தோசை சாப்பிடவில்லை. கடையில் வாங்கி வந்தாலும் தட்டைத் தள்ளிவிட்டுப் பாண் ரொட்டியை எடுப்பார். சண்டையோ சத்தமோ இல்லாமல் ஒரு மனிதன் ஒரு சாப்பாட்டையே விட்டுவிடுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

இந்தக் குளிர் தொடங்கியதும் சோடியேர் நின்றது. தெக்னிசியன் வந்து அன்றைக்கு ஒருபடியாக ஓடவைத்தார். இதற்கான சாமான் இப்போது செய்வதில்லை, இன்னொரு பழைய பெட்டியிலிருந்து கழற்றிப் போட்டால் கொஞ்சக் காலம் இழுக்கும், இல்லாவிட்டால் புதிது போடுங்கள் என்றார். பெட்டியின் மேல்தட்டைத் தட்டிக்காட்டி, அறைகளுக்குப் போகவேண்டிய சூடு இங்கேயே கசிந்துவிடுகிறது என்றும் சொன்னார். அவர் அதைப் பெட்டியின் குறையாகச் சொன்னார். எனக்கு மகளின் பேச்சு நினைவுக்கு வந்தது.

உங்கள் தம்பி மாற்ற விடவில்லை. “அக்காவின்ரை கைதான் போயிட்டுது. அவ தொட்ட சாமானாவது இருக்கட்டும்” என்றார்.

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். மா பொங்கியது உங்கள் கையால் என்றால், கை போன பிறகு அந்தப் பெட்டிக்காக நாங்கள் குளிரில் கிடக்கத் தேவையில்லை. பெட்டியால்தான் என்றால், எப்பாடு பட்டாவது அதை வைத்திருக்க வேண்டும். அவர் மறுபடி தோசைக்கு உட்கார வேறு வழி இல்லை. தெக்னிசியனுக்குப் பதில் சொல்ல ஒரு கிழமை, ஏழே நாள் இருந்தது. அதற்குள் கண்டுபிடித்தே தீருவது என்று உழுந்தை ஊறப் போட்டேன்.

முதல்நாள் சோடியேருக்கு மேலே, புகைக்குழாயின் பக்கத்தில் சட்டியை வைத்தேன். நல்ல சூடான இடம் அதுதானே. விடிய எழும்பிப் பார்த்தால் அடிமா வெந்து களியாகிவிட்டது. மேல்மா நாறியது. உங்கள் தம்பி எட்டிப் பார்த்தார். பெட்டிக்கும் தோசைக்கும் சம்பந்தமில்லை என்று அவர் முகமே சொன்னது. எனக்கு அழுகை வந்தது, அதைவிட ஆத்திரம் வந்தது.

ஆத்திரத்தில் சிந்திய மாவைத் துடைக்க, நீங்கள் பூப்போட்டுத் தைத்து அந்தப் பெட்டியின்மேல் விரித்திருந்த சீலைத்துணியை முழுதாக இழுத்து எடுத்தேன். அப்போதுதான் அதைக் கண்டேன். குழாயிலிருந்து விலகி, முன்பக்கத்து இடது மூலையில், பச்சை எனாமல் வட்டமாகத் தேய்ந்து வெளுத்திருந்தது. சட்டியைக் கொண்டுவந்து அதன்மேல் வைத்தேன். விளிம்போடு விளிம்பு பொருந்தியது. கையை வைத்துப் பார்த்தேன். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி போல ஒரு சூடு, அதற்கு மேல் இல்லை.

கள்ளி. உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது. கையை மட்டும் நம்பிய ஒருத்தி இந்த மூலையைத் தேடிப்பிடித்து, எனாமல் தேயும்வரை அங்கேயே சட்டியை வைத்திருக்க மாட்டாள். நாங்கள் வருமுன் சட்டியை இறக்கிவிட்டுச் சீலையை விரித்தும் வைத்திருக்க மாட்டாள். தெக்னிசியனை ஏன் திருப்பி அனுப்பினீர்கள் என்பதும் அந்த இடத்தில்தான் விளங்கியது. உங்கள் அறைக்குப் போகவேண்டிய சூட்டை நீங்கள் தம்பியின் தோசைக்குக் கொடுத்துவிட்டு, இரண்டு சுவெற்றரோடு படுத்திருக்கிறீர்கள். நான் அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் என் கையால் கரைத்த மா அந்த வட்டத்தில் இருந்து பொங்கி மூடியைத் தள்ளியது. மஞ்சள் போட்டு, வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளித்துக் கொட்டிச் சுட்டேன். மணத்துக்கு அவர் தானாகவே வந்து உட்கார்ந்தார். முதல் தோசையைப் பிய்த்துச் சாப்பிட்டார். இரண்டாவதையும் சாப்பிட்டார். இதோ பாருங்கோ, பெட்டிதான், அதை வைத்துக்கொள்வோம் என்று வட்டத்தைக் காட்டச் சீலையைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

“இஞ்சாரும்” என்றார். கண் கலங்கியிருந்தது. “அக்காவின்ரை கை உமக்கு வந்திட்டுது. இனி அந்தப் பெட்டியை மாத்துவம்.”

நான் வட்டத்தைக் காட்டாமல் சீலையைத் திரும்ப விரித்துவிட்டேன்.

மத்தியானம் மாட்டிய புதியது சுவரில் தொங்குகிறது. வெள்ளை, சின்னது, தொட்டால் சுவரைப் போலவே குளிர். துளிச் சூடும் வீணாகாது என்று தெக்னிசியன் பெருமையாகச் சொன்னார். சூட்டை எங்கே தேடுவது என்று வீடு முழுக்கக் கையால் தடவித் திரிந்தேன். உங்கள் படுக்கையறை ரேடியேற்றரில் கை வைத்ததும் எடுக்க முடியவில்லை. இப்போதுதான் அந்த அறை சூடாகியிருக்கிறது, நீங்கள் இல்லாத நேரத்தில். அங்கேயே நின்று நன்றாக அழுதேன். பிறகு ஒரு முக்காலியைக் கொண்டுவந்து ரேடியேற்றருக்கு எவ்வளவு பக்கத்தில் போடலாம் என்று பார்த்தேன். சனிக்கிழமை சட்டியை அதில் வைக்கப்போகிறேன். பொங்குமா தெரியாது. பொங்க வைக்கத்தான் வேண்டும்.

உங்களிடம் ஒன்று மட்டும் கேட்க இருக்கிறது மச்சாள். உங்கள் அம்மா போன பிறகு, இந்தக் குசினியில் முதன்முதலாக உங்கள் தோசையைச் சாப்பிட்ட அன்றைக்கு, அம்மாவின் கை அக்காவுக்கு வந்துவிட்டது என்று இந்த மனிதர் உங்களிடமும் சொல்லியிருப்பார், இல்லையா? அன்றைக்குத்தானே நீங்களும் பெட்டியின் சூட்டைச் சொல்லாமல் வாயை மூடினீர்கள்?

அவரைக் கேட்டால் தெரிந்துவிடும். கேட்க மாட்டேன்.