காலியாக இருந்த பதிவு

செவ்வாய், இரவு.

இல்லை, பதிவுகள் எழுத என் நிரல் பயன்படுத்தும் மென்பொருள் லைப்ரரியின் மேல் பழி போட முடியாது. நிரல் சொல்வதை வாங்கிக் கைமாற்றுவது மட்டும்தான் அதன் வேலை. கோப்பில் எழுதுவது பின்னால் இருக்கும் வேறொரு தொகுப்பு. என் லேப்டாப்பில் அப்படி இரண்டு இருந்ததால் ஒவ்வொரு வரியும் இரண்டு முறை பதிவானது. எரிச்சலில் போன வாரம் ஒன்றை நிரலிலிருந்தே நீக்கி, அதை ஆலைக்கும் அனுப்பினேன். ஆலையின் சர்வரில் இருந்தது அந்த ஒன்று மட்டும்தான். அன்றிலிருந்து அங்கே எதுவும் பதிவாகவில்லை. சர்வர் தொடங்கும்போது ஒரே ஒரு வரி எச்சரித்திருக்கும். அதை யார் பார்த்தார்கள்?

இன்று பிரஸ் லைனில் ஒரு டிரே பாகங்கள் முழுக்க விரிசல். தனக்கு அழைப்பே வரவில்லை என்கிறார் குவாலிட்டிக்காரர். குவாலிட்டியை அழைக்கும் பட்டனை அழுத்தியதாகச் சொல்கிறார் ஆபரேட்டர் முனிராஜ், உத்தனப்பள்ளியிலிருந்து வரும் ஒப்பந்தத் தொழிலாளி.

“மூணு வாட்டி அமுக்கினேன் மேடம். உங்க சிஸ்டத்துல இருக்கும், பாத்துச் சொல்லுங்க.”

திறந்து பார்த்தேன். கோப்பு காலி.

“காத்துல அமுக்கினியா முனிராஜு?” என்றார் சூப்பர்வைசர். இரண்டு பேர் சிரித்தார்கள். “நாளைல இருந்து வராத. கான்ட்ராக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்.”

காரணம் எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. “செக் பண்ணிட்டுச் சொல்றேன் சார்” என்று மட்டும் சொன்னேன். என் வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் இருக்கிறது. அவருக்கு அந்த ஒரு மாதம்கூட இல்லை. அவர் அழுத்தினாரா என்பதை இனி யாராலும் நிரூபிக்க முடியாது.

பதிவு இல்லாததற்குக் காரணம் நான், முனிராஜ் அல்ல என்று பிளான்ட் மேனேஜருக்கு மெயில் எழுதினேன். சூப்பர்வைசருக்கும் நகல் போகும்படி அனுப்பிவிட்டேன்.